ஆற்றின் மேலாகக் கால்வாயைக் கொண்டு சென்ற ஜேம்ஸ் பிரின்ட்லி (1716 – 1772)

மாணவர்களே,

வரலாறு பாடத்தில் கைத்தொழிற் புரட்சி பற்றிப் படிக்கும்போது, போக்குவரத்து வளர்ச்சி என்னும் பகுதியில் பிரிட்ஜ்வோட்டர் கால்வாய், ஜேம்ஸ் பிரின்ட்லி ஆகிய இரு பெயர்களைக் காண்பீர்கள். பலர் இவ்விரண்டையும் ஒரே வரியில் மனனம் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகின்றனர். ஆனால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. எழுத வாசிக்கச் சரியாகக் கற்காத ஒருவர், கற்றவர்கள் முடியாது எனக் கூறிய வேலையை எவ்வாறு செய்து முடித்தார்? அந்த வேலை ஏறக்குறைய இடிந்து விழும் நிலைக்கு வந்தபோது என்ன நடந்தது? இவற்றை அறிந்துகொண்டால் அந்தப் பகுதியை நீங்கள் மறக்கமாட்டீர்கள்.

1. பிறப்பும் இளமையும்

பிரின்ட்லி 1716 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில் டன்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பின்னர் இவரது குடும்பம் ஸ்டபர்ட்ஷயரில் உள்ள லீக் நகருக்கு அண்மையில் குடியேறியது. இவர் முறையான பள்ளிக் கல்வி பெறவில்லை. எழுத்தறிவு மிகக் குறைவாகவே இருந்தது. பிற்காலத்தில் இவர் எழுதிய குறிப்பேடுகளில் சொற்கள் காதில் விழுந்தபடியே எழுதப்பட்டுள்ளமையைக் காணலாம்.

1733 இல், தமது 17 ஆவது வயதில், மக்கிள்ஸ்பீல்ட் நகருக்கு அண்மையில் ஏபிரகாம் பெனெட் என்னும் ஆலைத் தச்சரிடம் ஏழு ஆண்டுகளுக்குத் தொழில் பயிலுநராகச் சேர்ந்தார். நீராலைகளையும் காற்றாலைகளையும் அமைப்பதும் திருத்துவதுமே ஆலைத் தச்சரின் தொழிலாகும். மரவேலை, இரும்புவேலை, கல்வேலை, நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தல் ஆகிய அனைத்தையும் ஒரே ஆள் அறிந்திருக்க வேண்டிய தொழில் அது.

ஆரம்பத்தில் இவர் மந்தமானவர் என்றே கருதப்பட்டார். அக்காலத்தில் நிகழ்ந்ததாக ஒரு சம்பவம் கூறப்படுகிறது. எசமான் ஒரு கடதாசி ஆலையை அமைக்கப் பொறுப்பேற்றார். அவ்வாறான ஆலையை முன்னர் செய்திராத காரணத்தால் வேலை குழப்பமடைந்தது. இளைஞரான பிரின்ட்லி எவரிடமும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் மன்செஸ்டருக்கு அண்மையிலிருந்த கடதாசி ஆலைக்கு நடந்து சென்றார். இயந்திரத்தின் ஒவ்வொரு பகுதியையும் பார்த்து மனதில் பதித்துக்கொண்டு நடந்தே திரும்பினார். போகவர ஏறக்குறைய 50 மைல் தூரம். திங்கட்கிழமை காலை வேலைத்தலத்தில் நின்று பிழைகளைத் திருத்தத் தொடங்கினார். கண்ணால் பார்த்ததை மனதில் வரைந்து வைத்துக்கொள்ளும் இந்த ஆற்றலே இவரது வாழ்நாள் மூலதனமாக அமைந்தது.

2. ஆற்றின் கீழாகச் சென்ற நீர்

1742 இல் பிரின்ட்லி லீக் நகரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1750களில் மன்செஸ்டருக்கு அண்மையில் கிளிப்டன் என்னுமிடத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கம் ஒன்று வெள்ளத்தால் நிரம்பிப் பயனற்றுப் போயிருந்தது. அதன் உரிமையாளர் பிரின்ட்லியை அழைத்தார். இர்வெல் ஆற்றிலிருந்து நீரைச் சுரங்க வழியாக எடுத்து, அதே ஆற்றின் அடிப்பகுதிக்குக் கீழாக மறுகரைக்குக் கொண்டு சென்று, ஒரு நீர்ச்சக்கரத்தைச் சுழலச் செய்தார். அச்சக்கரம் பம்பிகளை இயக்கிச் சுரங்க நீரை வெளியேற்றியது. ஆற்றின் நீரைக் கொண்டே சுரங்கத்தின் நீரை இறைத்த இவ்வேலையால் இவரது பெயர் பரவியது.

அதே இர்வெல் ஆற்றின் மேலாகவும் நீரைக் கொண்டு செல்லும் பணி சில ஆண்டுகளில் இவரைத் தேடி வந்தது.

3. கோமகனின் பிரச்சினை

அக்காலத்தில் மன்செஸ்டர் வேகமாக வளர்ந்து வந்த நெசவு நகரமாகும். அங்கு வீடுகளுக்கும் தொழிலகங்களுக்கும் நிலக்கரி தேவைப்பட்டது. சில மைல் தூரத்தில் வேர்ஸ்லி என்னுமிடத்தில் பிரிட்ஜ்வோட்டர் கோமகனான பிரான்சிஸ் எகர்ட்டனுக்குச் சொந்தமான நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்தில் நிலக்கரி இருந்தது. நகரத்தில் வாங்குவோர் இருந்தனர். இடையில் நல்ல பாதை இருக்கவில்லை.

பொதி சுமக்கும் குதிரை ஒன்று ஏறத்தாழ 2½ அந்தர் மட்டுமே சுமக்கும். ஆனால் அமைதியான நீரில் மிதக்கும் படகொன்றைக் கரையில் நடந்து இழுக்கும் குதிரை ஏறத்தாழ 30 தொன் வரை இழுக்கும். 30 தொன் என்பது 600 அந்தர். அதாவது, 240 குதிரைகள் முதுகில் சுமக்கும் பாரத்தை ஒரு குதிரை இழுத்துவிடும். கால்வாய்கள் ஏன் கைத்தொழிற் புரட்சியின் உயிர்நாடியாக விளங்கின என்பதற்கு இக்கணக்கே போதிய விடையாகும்.

கோமகன் இளவயதில் ஐரோப்பாவில் பயணம் செய்தபோது பிரான்சின் தென்பகுதியில் 1681 இல் முடிக்கப்பட்ட பெரிய கால்வாயைப் பார்த்திருந்தார். அவரது முகாமையாளரான ஜோன் கில்பர்ட்டும் கால்வாய் ஒன்றே தீர்வு எனக் கருதினார். 1759 இல் பாராளுமன்றத்தின் அனுமதி பெறப்பட்டது. அதே ஆண்டு பிரின்ட்லி வேர்ஸ்லிக்கு அழைக்கப்பட்டார்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். இது இங்கிலாந்தின் முதலாவது கால்வாய் என எழுதுவது பொருத்தமன்று. 1757 இல் திறக்கப்பட்ட சான்கி கால்வாய் இதற்கு முற்பட்டது. ஆனால் அது ஓர் ஓடையின் பள்ளத்தாக்கைப் பின்பற்றிச் சென்றது. பிரிட்ஜ்வோட்டர் கால்வாயோ ஆறுகளின் போக்கைச் சாராமல், தனக்கெனத் தெரிவு செய்த மட்டத்தில் நிலத்தைக் கடந்து சென்றது. இதுவே அதன் சிறப்பாகும்.

4. ஆற்றைக் கடப்பது எப்படி?

முதலாவது திட்டத்தின்படி கால்வாய் இர்வெல் ஆற்றின் வடபுறமாகவே செல்லவிருந்தது. பிரின்ட்லியும் கில்பர்ட்டும் நிலத்தை ஆராய்ந்த பின்னர் திட்டம் மாறியது. பார்ட்டன் என்னுமிடத்தில் ஆற்றைக் கடந்து தென்புறமாக மன்செஸ்டருக்குச் செல்வதே மேல் என முடிவாயிற்று.

ஆற்றைக் கடக்க இரண்டு வழிகள் இருந்தன.

முதலாவது, கால்வாயைப் படிப்படியாக ஆற்று மட்டத்துக்கு இறக்கி, ஆற்றைக் கடந்து, மறுகரையில் மீண்டும் ஏற்றுதல். இதற்கு இரு கரைகளிலும் நீர்ப்பூட்டுகள் தேவை. நீர்ப்பூட்டு என்பது இரு கதவுகளுக்கிடையே நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் அறையாகும். ஒவ்வொரு படகும் கடக்கும்போது ஓர் அறை நீர் மேலிருந்து கீழே போய்விடும். நேரமும் வீணாகும். மேலும், ஆற்றில் வெள்ளம் வந்தாலோ நீர் வற்றினாலோ போக்குவரத்து நின்றுவிடும். ஆற்றுப் போக்குவரத்தை நடத்திய கம்பனியும் வரி அறவிடும்.

இரண்டாவது, கால்வாயை இறக்காமலே ஒரு பாலத்தின் மீது வைத்து ஆற்றின் மேலாகக் கொண்டு செல்லுதல். நீர் முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கும். நீர்ப்பூட்டு ஒன்றேனும் தேவையில்லை. பிரின்ட்லி இவ்வழியைத் தெரிவு செய்தார்.

இத்தகைய பாலங்கள் பிரான்சில் ஏற்கெனவே இருந்தன. இங்கிலாந்தில் படகு செல்லும் கால்வாயை ஆற்றின் மேல் எவரும் கொண்டு சென்றதில்லை. ஆலோசனை கேட்கப்பட்ட பொறியியலாளர் ஒருவர் இத்திட்டத்தை ஆகாயத்தில் கட்டும் மாளிகைக்கு ஒப்பிட்டு நகைத்தார் என்பர். எனினும் கோமகன் பிரின்ட்லியையே நம்பினார். 1760 இல் புதிய திட்டத்துக்குப் பாராளுமன்றம் அனுமதி வழங்கியது.

5. களிமண்ணும் தண்ணீரும்

கல்லால் கட்டிய பாலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது இடுக்குகள் வழியே கசியும். கசியும் நீர் சாந்தைக் கரைக்கும். குளிர்காலத்தில் உறைந்து விரிவடைந்து கல்லைப் பிளக்கும். எனவே ஆற்றைக் கடப்பதிலுள்ள முதலாவது பிரச்சினை நீரைக் கசியாமல் வைத்திருப்பதாகும்.

பிரின்ட்லி இதற்குக் களிமண்ணைப் பயன்படுத்தினார். களிமண்ணுடன் மணலையும் நீரையும் சேர்த்து, வெட்டி, மிதித்து, நன்கு குழைக்கும்போது அதிலுள்ள காற்றிடைவெளிகள் நீங்கி நீர் புகாத படையாகிறது. இதனைப் படைபடையாக இட்டு ஏறக்குறைய 3 அடித் தடிப்புக்குக் கொண்டுவருவர். அது காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். இம்முறையை இவர் கண்டுபிடிக்கவில்லை. முன்னரே அணைக்கட்டுகளில் அது வழக்கிலிருந்தது. இங்கிலாந்தின் கால்வாய்களில் அதனைப் பெருமளவில் பயன்படுத்திக் காட்டியதே இவரது பங்களிப்பாகும்.

பாராளுமன்றக் குழுவின் முன் விளக்கமளிக்கச் சென்றபோது, இவர் வரைபடங்களுக்குப் பதிலாகக் களிமண்ணைக் கொண்டு சென்றதாகக் கூறப்படுகிறது. உறுப்பினர்களின் கண் முன்னே அதனைக் குழைத்துச் சிறிய தொட்டியாக்கி நீர் ஊற்றிக் காட்டினாராம். பாலத்தின் மாதிரியைப் பாற்கட்டியில் செதுக்கிக் காட்டியதாகவும் சொல்வர். எழுத்தில் விளக்க இயலாதவர் கையால் விளக்கினார்.

6. பார்ட்டன் கால்வாய்ப் பாலம்

1760 இன் பிற்பகுதியில் கட்டுமானம் தொடங்கியது. பாலம் ஏறக்குறைய 200 யார் நீளமும் 12 யார் அகலமும் உடையது. நீர்மட்டத்திலிருந்து 39 அடி உயரத்தில் மூன்று கல்வளைவுகளின் மேல் அமைந்தது. நடு வளைவின் அகலம் 63 அடி. ஆற்றில் செல்லும் படகுகள் அதன் கீழாகச் சென்றன.

இப்பாலம் ஏன் இவ்வளவு பருமனாகக் கட்டப்பட்டது? விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்ற அடர்த்தியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1 கனமீற்றர் நீரின் திணிவு 1000 கிலோகிராம். ஒரு கால்வாய் 5 மீற்றர் அகலமும் 1.5 மீற்றர் ஆழமும் உடையது எனக் கொள்வோம். அதன் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் 7.5 கனமீற்றர் நீர், அதாவது 7500 கிலோகிராம் இருக்கும். இதற்கு மேலாகக் களிமண்ணின் பாரமும் சேர்கிறது. களிமண் நீரை விடப் பாரமானது. வண்டிகள் செல்லும் பாலத்தில் பாரம் வந்து போகும். கால்வாய்ப் பாலத்திலோ பாரம் இரவும் பகலும் நிலைத்திருக்கும்.

இன்னொரு விடயத்தையும் சிந்தியுங்கள். நிலக்கரி ஏற்றிய படகொன்று பாலத்தின் மீது வரும்போது பாலத்தின் பாரம் அதிகரிக்குமா? பலர் ஆம் என்பர். ஆக்கிமிடிசின் தத்துவத்தின்படி, மிதக்கும் படகு தனது நிறைக்குச் சமமான நீரை இடம்பெயர்க்கிறது. கால்வாய் நீண்டதாகவும் திறந்ததாகவும் இருப்பதால் அந்நீர் பாலத்தை விட்டு இரு பக்கங்களுக்கும் பரவிவிடும். ஆகவே பாலம் தாங்கும் பாரம் ஏறக்குறைய மாறாது. வெறும் நீரைத் தாங்கக்கூடிய பாலம் படகையும் தாங்கும்.

7. நெருக்கடியான நாட்கள்

மாணவர்களே, இப்போது கூறப்போவதைப் பெரும்பாலான நூல்கள் விட்டுவிடுகின்றன.

பாலத்தில் நீர் விடப்பட்டபோது வளைவுகளில் ஒன்று வடிவம் குலையத் தொடங்கியது. கல்வளைவு ஒன்று உறுதியாக நிற்பதற்கு அதன் மீதான பாரம் சமநிலையாகப் பரவியிருக்க வேண்டும். பக்கங்களில் பாரம் அளவுக்கு மிஞ்சினால் வளைவு நெளியும். நீர் கசியக்கூடாது என்ற கவனத்தில் பிரின்ட்லி பக்கங்களில் மிகுந்த களிமண்ணை இட்டிருந்தார். நீரைக் காக்க இடப்பட்ட களிமண்ணே பாலத்தை அழுத்தியது.

அவ்வேளையில் பிரின்ட்லி என்ன செய்தார்? மனம் தளர்ந்து, அருகிலுள்ள ஸ்ட்ரெட்பர்ட் ஊர் விடுதிக்குச் சென்று படுக்கையில் வீழ்ந்தார். வழக்கமாகவே கடினமான பிரச்சினை வரும்போது கட்டிலில் படுத்துச் சிந்திப்பது இவரது பழக்கம். ஆனால் இம்முறை கவலையே மேலோங்கியிருந்தது. சிரித்தவர்கள் கூறியது மெய்யாகிவிடும் நிலை.

பாலத்தைக் காப்பாற்றும் பொறுப்பை ஜோன் கில்பர்ட் ஏற்றார். பாரம் எங்கே மிகுந்துள்ளது என்பதை அவர் கண்டறிந்தார். களிமண்ணை அகற்றச் செய்து, வைக்கோலும் புதிதாகக் குழைத்த களிமண்ணும் இட்டுப் பாரத்தைக் குறைத்தார். வளைவு நிலைபெற்றது.

1761 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் திகதி முதலாவது படகு பார்ட்டன் பாலத்தின் மேலாகச் சென்றது. ஆற்றில் ஒரு படகு செல்ல, அதற்கு மேலே வானத்தில் செல்வதுபோல் இன்னொரு படகைக் குதிரை இழுத்துச் செல்லும் காட்சியைப் பார்க்கத் தூர இடங்களிலிருந்தும் மக்கள் வந்தனர்.

இதிலிருந்து பிரின்ட்லியின் பெருமை குறைந்துவிட்டது என எண்ணவேண்டாம். பாலத்தின் எண்ணம், மட்டம், களிமண் வேலை யாவும் இவரது ஆற்றலைக் காட்டுவன. ஆனால் பணம் கோமகனுடையது. நெருக்கடியில் தீர்வு கில்பர்ட்டுடையது. மண் வெட்டியவர்களும் கல் அடுக்கியவர்களும் பெயர் தெரியாத தொழிலாளர். விடையெழுதும்போது இவர்கள் அனைவருக்கும் இடமளியுங்கள்.

8. விளைவுகள்

மன்செஸ்டரில் அந்தர் ஒன்று 7 பென்சுக்கு விற்கப்பட்ட நிலக்கரியின் விலை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. வேர்ஸ்லியில் சுரங்கங்களுக்குள்ளேயே கால்வாய்கள் வெட்டப்பட்டன. அவற்றின் மொத்த நீளம் காலப்போக்கில் 46 மைல்களை எட்டியது. சுரங்கத்திலிருந்து வடிந்த நீரே கால்வாய்க்கு உணவாயிற்று. எனினும் மலிவான நிலக்கரிக்குப் பின்னால் நிலத்தின் கீழ் உழைத்தோரின் துன்பமும் இருந்தது. பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்தினுள் வேலை செய்வதை 1842 ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்தது.

9. பிற்காலப் பணிகளும் மறைவும்

பார்ட்டனின் வெற்றிக்குப் பின்னர் பல பகுதிகளிலிருந்தும் அழைப்புகள் வந்தன. 1765 இல் ஆன் ஹென்ஷோல் என்பவரை மணந்தார். 1766 இல் திரென்ட் ஆற்றையும் மேர்சி ஆற்றையும் இணைக்கும் கால்வாயின் முதலாவது மண்ணை மட்பாண்ட உற்பத்தியாளர் ஜொசையா வெட்ஜ்வூட் வெட்டினார். கரடுமுரடான வீதிகளில் உடைந்து வந்த மட்பாண்டங்களுக்குக் கால்வாய் பாதுகாப்பான வழியாகும் என அவர் கண்டிருந்தார். இங்கிலாந்தின் நான்கு பெரிய ஆறுகளான திரென்ட், மேர்சி, செவேர்ண், தேம்ஸ் என்பவற்றைக் கால்வாய்களால் இணைப்பதே பிரின்ட்லியின் கனவாக இருந்தது. இவர் திட்டமிட்ட கால்வாய்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 360 மைல்.

குதிரையில் ஏறி நாடெங்கும் அலைந்த இவரது உடல் நலிந்தது. வைத்தியர் இராஸ்மஸ் டார்வின் இவருக்கு நீரிழிவு நோய் இருப்பதைக் கண்டறிந்தார். 1772 இல் புதிய கிளைக் கால்வாய் ஒன்றுக்கு நிலம் அளக்கும்போது மழையில் நனைந்து நோயுற்று, செப்டெம்பர் 27 ஆம் திகதி காலமானார். 2880 யார் நீளமான ஹெயார்காசில் சுரங்கவழி அப்போது முடிந்திருக்கவில்லை. மனைவியின் சகோதரரான ஹியூ ஹென்ஷோல் 1777 இல் அப்பணியை நிறைவேற்றினார்.

10. பார்ட்டன் பாலத்தின் பின்னைய வரலாறு

பார்ட்டன் பாலம் 130 ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டது. கடற்கப்பல்கள் மன்செஸ்டர் வரை செல்லப் புதிய பெருங்கால்வாய் வெட்டப்பட்டபோது, உயரமான கப்பல்களுக்கு அது தடையாயிற்று. 1893 இல் அது அகற்றப்பட்டது. அதற்குப் பதிலாக எட்வேர்ட் லீடர் வில்லியம்ஸ் வடிவமைத்த, நீருடனேயே சுழன்று விலகும் இரும்புத் தொட்டிப் பாலம் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 800 தொன் நீருடன் அதன் மொத்தப் பாரம் 1450 தொன் ஆகும்.

பிரின்ட்லியை வருத்திய களிமண்ணின் பாரத்துக்கும் பின்னர் விடை கிடைத்தது. தோமஸ் டெல்போர்ட் வேல்சில் டீ ஆற்றின் மேலாகக் கட்டிய பாலத்தில் களிமண்ணை நீக்கி, வார்ப்பிரும்புத் தொட்டியில் நீரைக் கொண்டு சென்றார். 1805 இல் திறக்கப்பட்ட அப்பாலம் 126 அடி உயரமானது. 2009 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. ஒருவர் எதிர்கொண்ட இடர், அடுத்தவர் தொடங்கும் இடமாக அமைந்தது.

நினைவிற் கொள்க

1716 – பிரின்ட்லி பிறப்பு
1733 – தொழில் பயிலத் தொடங்குதல்
1759, 1760 – பாராளுமன்ற அனுமதிகள்
1761 – பார்ட்டன் கால்வாய்ப் பாலத்தில் முதற்படகு
1766 – திரென்ட் – மேர்சி கால்வாய் ஆரம்பம்
1772 – பிரின்ட்லி மறைவு

பயிற்சி வினாக்கள்

1. வேர்ஸ்லி நிலக்கரியை மன்செஸ்டருக்குக் கொண்டு செல்வதில் இருந்த இடர்கள் இரண்டு தருக.
2. நீர்ப்பூட்டுகளை விடக் கால்வாய்ப் பாலத்தைப் பிரின்ட்லி விரும்பியமைக்கான காரணங்கள் மூன்றை விளக்குக.
3. குழைத்த களிமண்ணால் ஏற்பட்ட நன்மை ஒன்றையும் இடர் ஒன்றையும் குறிப்பிடுக.
4. பிரிட்ஜ்வோட்டர் கால்வாயின் வெற்றி தனி ஒருவருக்கு மட்டும் உரியதா? காரணங்காட்டி விடை தருக.

விடைக் குறிப்பு: 4 ஆம் வினாவுக்கு ஆம் அல்லது இல்லை என மட்டும் எழுதினால் போதாது. கோமகன், கில்பர்ட், பிரின்ட்லி, தொழிலாளர் ஆகியோரின் பங்கை ஒவ்வொரு வாக்கியத்திலேனும் காட்டி முடிவுக்கு வருக.